தேடும் யந்திரமும் ஜனங்களின் உரிமையும்

முன்னாளில் நமது கிராமத்தார் ஒரு விஷயத்தை அறிய விரும்பினால் ஊர்ப் பெரியவரையோ, பள்ளிக்கூட வாத்தியாரையோ, கச்சேரிக் குமாஸ்தாவையோ, வக்கீலையோ நாடிச் சென்றார்கள். இன்று அவர்கள் முதலில் நாடுவது கைப்பேசியை. பெரியகுளம் தாலூகாவைச் சேர்ந்த ஜெயமங்கலத்தில் வாழைக்கு நோய் கண்ட விவசாயியும், பட்டா மாறுதலுக்கு வழி தெரியாத விதவையும், சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கும் வாலிபனும் தங்கள் கேள்வியை அதிலே எழுதியோ பேசியோ கேட்கிறார்கள். விநாடிப் பொழுதில் விடைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. முதலில் வந்த இரண்டு மூன்றைப் பார்த்து அவர்கள் திருப்தியடைகிறார்கள். அந்த வரிசையை அமைத்தவர் யார், எந்த விதிப்படி அமைத்தார், கண்ணில் படாமல் பின்னே நின்றுபோனவை எவை என்று கேட்பவர் நம்மில் வெகு சிலரே.

இது அற்ப விஷயமென்று தள்ளத்தக்கதன்று. அந்நிய ஆட்சிக் காலத்தில் எந்தச் செய்தி ஜனங்களுக்கு எட்டலாம், எது எட்டக்கூடாது என்பதைத் தணிக்கை அதிகாரி தீர்மானித்தான். அவன் யாரென்று நமக்குத் தெரியும்; அவனது உத்தரவுக்கு நம்பரும் தேதியும் இருந்தன; அதை எதிர்த்து எழுதவும் வழக்காடவும் இடமிருந்தது. இன்றோ, எவரும் தடை விதிக்காத செய்தியுங்கூட, பத்தாயிரம் செய்திகளுக்குப் பின்னால் வைக்கப்பட்டால், தடுக்கப்பட்டதைப் போலவே மறைந்துவிடுகிறது. இதில் எவருக்கேனும் கெட்ட எண்ணம் உண்டென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வரிசை என்று ஒன்று இருந்தால் அதை வகுக்கும் விதியும் ஒன்று இருக்கும். விதி தெரியாதவன் நியாயம் கேட்க வழியில்லை. ஆதலால் தேடும் யந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது என்ற சாஸ்திரத்தைத் தமிழ் மக்கள், முக்கியமாகப் பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர், கற்றுக்கொள்ள வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.

யந்திரம் செய்யும் வேலை மூன்று வகைப்படும். முதலாவது, திரட்டுதல். உலகெங்கும் இணையத்தில் உள்ள ஏடுகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவிப் பார்வையிட்டு அவற்றின் பிரதியை அது சேகரிக்கிறது. இரண்டாவது, அடைவு செய்தல். ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த ஏட்டில் எந்தெந்த இடத்தில் வருகிறதென்று குறித்து வைக்கிறது. பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் நம் பதிப்பாசிரியர்கள் சேர்த்த சொல்லடைவு போன்றதே இது. மூன்றாவது, தரம் பிரித்து வரிசைப்படுத்தல். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. நாம் கேள்வி கேட்கும் நேரத்தில் யந்திரம் உலகத்தைத் தேடுவதில்லை. தான் முன்னரே எழுதி வைத்த அடைவைத்தான் தேடுகிறது. நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தீர்ப்புகள் ஆயிரக்கணக்கில் அச்சாகியிருந்தாலும், அவற்றின் பொருளடைவில் இடம்பெறாத தீர்ப்பை வக்கீல் எடுத்துக் காட்டுவதில்லை, நீதிபதியும் பார்ப்பதில்லை. நூலில் இருந்தும் அது இல்லாததாகிவிடுகிறது.

இந்தச் சாஸ்திரம் நமக்குப் புதியதென்றோ, மேனாட்டாருக்கே உரியதென்றோ எண்ணுவது பிசகு. நம் முன்னோர் நிகண்டுகளைச் செய்யுளில் இயற்றினார்கள். பொருள்வாரியாகத் தொகுக்கப்பட்ட அவற்றில் ஒரு சொல்லைக் கண்டெடுக்க, நிகண்டு முழுவதும் மனப்பாடமாக இருக்க வேண்டும். 1594இல் சிதம்பர ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கி அகராதி நிகண்டை ஆக்கினார். 1732இல் வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என்ற நான்கு பகுதிகளாகச் சதுரகராதியை அமைத்தார். அதன் பிறகு, மனப்பாடம் செய்யாதவனும் எழுத்து வரிசை ஒன்றை மட்டும் அறிந்து வேண்டிய சொல்லை எடுத்துக்கொள்ள முடிந்தது. சிலரிடம் மட்டும் இருந்த கல்வியைப் பலருக்கும் திறந்துவிட்ட காரியம் அது.

இவ்வழியில் உலகம் போற்றும்படி வந்தவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர் 1924இல் சென்னைச் சர்வகலாசாலையின் புத்தகசாலைத் தலைவரானார். புத்தகங்கள் உபயோகிப்பதற்கே, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகன் உண்டு, வாசகனின் காலம் வீணாகலாகாது, புத்தகசாலை வளரும் உயிர் போன்றது என்னும் கருத்துக்கள் அமைந்த ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்டார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு விஷயத்தை ஒரே பெட்டியில் அடைத்துவிடாமல் அதன் பல முகங்களையும் தனித்தனியே குறித்துச் சேர்ப்பது. இன்றைய தேடற்கலையில் விலை, இடம், காலம் என்று பல முகங்களாகப் பிரித்துத் தேடும் முறைக்கு அவர் கருத்தே முன்னோடி. அவருடைய முயற்சியின் பயனாகவே 1948இல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்தபோது, சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. இந்தியாவில் இத்தகைய சட்டத்தைச் செய்த முதல் மாகாணம் நம்முடையதே. தகவலைத் தேடித் தருவது வியாபாரமன்று, ஜனங்கள் வரி கொடுத்து நடத்த வேண்டிய பொதுக் கடமை என்பது அச்சட்டத்தின் கருத்து.

யந்திரம் தரம் பிரிக்கும் யுக்திகளைச் சிறிது கவனிப்போம். 1972இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற மாது ஓர் எளிய உண்மையை எடுத்துக் காட்டினார். எல்லா ஏடுகளிலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு. சில ஏடுகளில் மட்டும் வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம். ‘வராக நதியில் தண்ணீர்’ என்று கேட்டால் ‘தண்ணீர்’ என்பது லட்சம் ஏடுகளில் இருக்கும். ‘வராக’ என்பது சிலவற்றிலேதான் இருக்கும். விடையைத் தீர்மானிப்பதில் பின்னதற்கே நிறை அதிகம். 1998இல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரினும் வேறொரு யுக்தியை வெளியிட்டார்கள். ஓர் ஏட்டைப் பிற ஏடுகள் பல சுட்டிக்காட்டினால், அவையும் மதிப்புள்ள ஏடுகளாக இருந்தால், அந்த ஏடு மேலே வரும். கூகுள் கம்பெனி எழுந்தது இந்த அஸ்திவாரத்தின்மீதுதான். இப்போது வேறு பல அம்சங்களும் சேர்க்கப்படுகின்றன. ஆயினும் இந்த யுக்தியின் இயல்பு தெளிவானது. பலர் கைகாட்டும் வீட்டுக்கே கூட்டம் போகும். சந்தடியற்ற சந்தில் இருக்கும் நல்ல வைத்தியனை எவரும் அறியமாட்டார்கள். இணையத்தில் ஆங்கில ஏடுகள் மலைபோல் இருக்க, தமிழ் ஏடுகள் மிகக் குறைவாகவும் ஒன்றையொன்று சுட்டாமலும் கிடந்தால், நஷ்டம் யாருக்கு?

நம் பாஷைக்கே உரிய சிக்கல்களும் உண்டு. அவற்றைக் காண ஜெயமங்கலத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஒருவர் ஜெயமங்கலம் என்று எழுதுகிறார். மற்றொருவர் ஜயமங்கலம் என்கிறார். வடவெழுத்தை விலக்குவோர் செயமங்கலம் என்பர். மனிதருக்கு மூன்றும் ஒன்றே. யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்காத வரையில் மூன்றும் வெவ்வேறு. ‘ஜெயமங்கலத்தில்’, ‘ஜெயமங்கலத்திலிருந்து’, ‘ஜெயமங்கலத்தார்’ என்று வேற்றுமை சேரும்போது கடைசி ‘ம்’ மறைந்து ‘த்து’ தோன்றுகிறது. இலக்கணம் அறியாத அடைவில் இவையெல்லாம் தனித்தனி ஊர்கள்! சுற்றுப்புறத்தைப் பாருங்கள். தேனி என்பது ஊர். ஒரு குறில் நெடிலானால் பூச்சியாகிவிடுகிறது. கம்பம் என்பது ஊராகவும் இருக்கலாம், தூணாகவும் இருக்கலாம். பெரியகுளம் என்பது தாலூகாவின் தலைநகரமாகவும் இருக்கலாம், எந்த ஊரிலுமுள்ள பெரிய குளமாகவும் இருக்கலாம். போடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஊரைக் கேட்டால் யந்திரம் யாரையோ போகச் சொல்லுகிறது என்று நினைக்க வேண்டியதுதான்! இங்கிலீஷ் சொற்களின் விகுதிகளை நீக்கி வேர்ச்சொல்லைக் காணும் விதிகளை மார்ட்டின் போர்ட்டர் என்பவர் 1980இலேயே வெளியிட்டுவிட்டார். தமிழுக்கும் அத்தகைய விதிகளைத் தமிழ் வாலிபர் சிலர் எழுதி, யாவரும் எடுத்தாளும்படி பொதுவில் வைத்திருக்கின்றனர். ஆயினும் தொல்காப்பியமும் நன்னூலும் புணர்ச்சியை இவ்வளவு நுட்பமாக வகுத்துத் தந்திருக்க, தமிழ்ப் புலவர்களும் கணிப்பொறி வல்லுநர்களும் இன்னும் ஒரே மேஜையில் அமர்ந்து போதிய அளவு வேலை செய்யவில்லை என்பது வருந்தத்தக்கது.

கிடைத்ததைக் கொண்டு திருப்தியடைவது எவ்வளவு ஆபத்தானதென்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். பிளேர், மாரன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1985இல் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பெரிய வழக்குக்காகச் சுமார் 40,000 தஸ்தாவேஜுகள், ஏறக்குறைய 3,50,000 பக்கங்கள், யந்திரத்தில் ஏற்றப்பட்டிருந்தன. வக்கீல்கள் தேடினார்கள், தமக்கு வேண்டியவற்றில் 100க்கு 75 பங்காவது கிடைத்துவிட்டதென்று நம்பினார்கள். சோதித்துப் பார்த்தபோது கிடைத்திருந்தவை சராசரியாக 100க்கு 20 பங்குதான். காரணம் என்ன? வக்கீல் ‘விபத்து’ என்று தேடினார்; அதில் சம்பந்தப்பட்டவர்களோ அதைச் ‘சம்பவம்’ என்றும் ‘நிலைமை’ என்றும் எழுதியிருந்தார்கள். படித்த வக்கீல்களே இவ்வாறு ஏமாறினார்களென்றால் சாமானிய ஜனங்களின் கதி என்ன? தேடற்கலையில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. வந்தவற்றுள் பயனுள்ளவை எத்தனை என்பது ஒன்று. பயனுள்ளவற்றுள் வந்தவை எத்தனை என்பது மற்றொன்று. முன்னதைக் கண்ணால் கண்டு அளக்கலாம். பின்னதை, வராமற்போனதைத் தனியே தேடிப் பார்த்தவன்தான் அளக்க முடியும்.

இனிப் பணத்தின் விஷயம். ‘தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? யந்திரம் இலவசமாகத்தானே தேடித் தருகிறது?’ என்று சில கனவான்கள் கேட்கக்கூடும். இது தானமன்று. விளம்பரக்காரர் கொடுக்கும் பணமே கம்பெனியின் வருமானம். விற்கப்படுவது நமது கவனம். விளம்பர வருமானத்தை நம்பிய தேடும் யந்திரம் விளம்பரக்காரர் பக்கம் சாயும் என்று பேஜும் பிரினுமே தங்கள் 1998ஆம் வருஷத்துக் கட்டுரையில் எச்சரித்திருந்தார்கள். சென்னையைச் சேர்ந்த, பாரத் மாட்ரிமோனியை நடத்தும் கம்பெனியும் ஒரு நுகர்வோர் சங்கமும் 2012இல் செய்துகொண்ட புகாரின்மீது, இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது. தேடல் முடிவுகளில் தன் சொந்தச் சேவைக்கு முன்னிடம் கொடுத்ததும் அதில் குறையாகக் காணப்பட்டது; கம்பெனி மேல்முறையீடு செய்தது. ஐக்கிய அமெரிக்காவின் சர்க்காரே தொடுத்த வழக்கில், 2024 ஆகஸ்டில் ஜட்ஜ் அமித் மேத்தா, கூகுள் தேடல் வியாபாரத்தில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்ததாகத் தீர்ப்பளித்தார். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் தன் யந்திரமே முதலில் நிற்கும்படி 2021ஆம் வருஷத்தில் மட்டும் 2,630 கோடி டாலர் அது கொடுத்ததாக அவ்வழக்கில் வெளிப்பட்டது. இலவசமாகத் தரும் பண்டத்துக்கு முன்னிடம் வாங்க இவ்வளவு பணத்தை எவரேனும் கொட்டுவார்களா என்று நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

அக்கம்பெனியின் தலைவர் சுந்தர் பிச்சை 1972இல் மதுரையில் பிறந்தவர். இத்துறையில் உலகமெங்கும் பாடமாக வைக்கப்படும் 2008ஆம் வருஷத்து நூலொன்றின் ஆசிரியர் மூவருள் ஒருவரான பிரபாகர் ராகவன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். இவர்களைக் குறித்துப் பெருமை பாராட்டுவதில் நாம் பின்வாங்கவில்லை. ஆனால் நம்மவர் ஒருவர் கம்பெனிக்குத் தலைவராவதால் நம் ஊர் விவசாயிக்குத் தன் பாஷையில் சரியான விடை கிடைத்துவிடாது. பிரிட்டிஷ் சர்க்காரிலும் நம்மவர் பெரிய உத்தியோகங்களை வகித்தார்கள். அதைச் சுயராஜ்யமென்று நாம் ஒருபோதும் கொள்ளவில்லை.

இப்போது மற்றொரு மாறுதல் வந்திருக்கிறது. யந்திரம் ஏடுகளின் பட்டியலைத் தருவதோடு நில்லாமல், அவற்றைப் படித்துத் தானே விடை எழுதித் தருகிறது. பட்டியல் இருந்தபோது வாசகன் நான்கு ஏடுகளை ஒப்பிட்டாவது பார்த்தான். இப்போது சாட்சிகளை விசாரிக்காமலே தீர்ப்பு வந்துவிடுகிறது. விடை சில சமயம் பிழையாகவும் இருக்கிறது. பிழையும் சரியும் ஒரே தோரணையில் பேசப்படுகின்றன. எந்த ஆதாரத்தின்மேல் இவ்விடை எழுந்தது என்று கேட்கும் பழக்கம் முன்னிலும் இப்போது அவசியமாகியிருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை யாவை? கம்பெனிகளைத் திட்டுவதால் பிரயோஜனமில்லை. நாளைக்கே சுதேசி யந்திரம் ஒன்றைக் கட்டிவிடுவோமென்று முழங்குவதாலும் இல்லை. அதற்கு வேண்டிய மூலதனமும் பயிற்சியும் ஒரு நாளில் வருவனவல்ல. நம் கையிலுள்ள காரியங்களை முதலில் செய்வோம்.

முதற் கடமை சர்க்காருடையது. 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார ஸ்தாபனமும் தன் தஸ்தாவேஜுகளைப் பட்டியலிட்டு அடைவு செய்து வைக்க வேண்டுமென்றும், தகவலைப் பரப்புவதில் உள்ளூர்ப் பாஷையைக் கவனிக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2010இல் யூனிகோடு எழுத்து முறையை ஏற்று உத்தரவிட்டது. இவ்விரண்டும் இருந்தும், உத்தரவுகளையும் தீர்மானங்களையும் வெறும் படமாகப் பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டுக் கடமை தீர்ந்ததாக எண்ணும் வழக்கம் அற்றுப்போகவில்லை. பழைய தனி எழுத்துருக்களில் அடித்த காகிதங்களும் மாற்றப்படாமல் கிடக்கின்றன. அவற்றின் தமிழை யந்திரம் தமிழென்றே அறியாது. முல்லைப் பெரியாற்றை நினைத்துப் பாருங்கள். 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான 999 வருஷக் குத்தகைப் பத்திரமே கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீருக்கு ஆதாரம். நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாமென்று சுப்ரீம் கோர்ட்டு 2014இல் தீர்ப்பளித்தது பழைய தஸ்தாவேஜுகளையும் நிபுணர் அறிக்கைகளையும் பரிசீலித்த பிறகுதான். வாதத்துக்குக் காகிதம் எவ்வளவு முக்கியமோ, அக்காகிதம் வேண்டியபோது கைக்கு அகப்படுவதும் அவ்வளவு முக்கியம். 2022 முதல் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டுமென்று ஏற்பாடு செய்த சர்க்கார், அச்சபைகளின் தீர்மானங்களைத் தேடக்கூடிய தமிழ் எழுத்தில் வெளியிடுமாறும் உத்தரவு செய்யட்டும்.

இரண்டாவது கடமை கல்வி ஸ்தாபனங்களுடையது. அடைவு செய்தல், நிறை கணித்தல், வரிசைப்படுத்தல் ஆகிய மூன்றையும் உயர்நிலைப் பள்ளி மாணவன் விளங்கிக்கொள்ளலாம். வேண்டுவது எளிய தமிழ்ப் பாடநூல் ஒன்றே. 2008இல் வெளிவந்ததாக மேலே குறித்த நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் தழுவித் தமிழ் உதாரணங்களோடு ஒரு நூல் இயற்ற நம் சர்வகலாசாலைகள் முன்வர வேண்டும். 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் முதல் கிராமத்துக் கிளைநூலகம் வரை, மாதம் ஒரு மாலையேனும் இப்பாடத்துக்கு ஒதுக்கலாம். ரங்கநாதன் பிறந்த நாட்டில் நூலகர் என்பவர் பூட்டும் சாவியும் வைத்திருப்பவராக மட்டும் இருக்கலாகாது.

மூன்றாவது கடமை வாலிபர்களுடையது. எவருடைய உத்தரவும் இதற்கு வேண்டியதில்லை. ஜெயமங்கலத்து வாலிபர் பத்துப் பேர் சேர்ந்து தங்கள் ஊரைப் பற்றிய நூறு காகிதங்களைத் திரட்டட்டும்: கிராம சபைத் தீர்மானங்கள், வராக நதிப் பாசனக் குறிப்புகள், பயிர்நோய் பற்றிய துண்டுப் பிரசுரங்கள் முதலியன. முதலில் கையாலேயே ஒரு சொல்லடைவு செய்து பார்க்கட்டும். பிறகு கணிப்பொறியில் செய்யட்டும். ஊர்ப்பெயரை மூன்று விதமாக எழுதித் தேடும் யந்திரத்தில் கேட்டு, வந்த முதல் பத்து விடைகளுள் எத்தனை பயன்பட்டன, தங்களிடமுள்ள நூற்றில் எவை வரவேயில்லை என்று குறித்துக்கொள்ளட்டும். ஒரு மாதத்தில் அவர்கள் கற்கும் பாடம் பல பிரசங்கங்களால் கிடைக்காது. பழந்தமிழ் நூல்களைத் தொண்டர்களே எழுத்தெழுத்தாக ஏற்றி யாவருக்கும் வழங்கும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியபோதும், ஈழத்தில் நூலகம் என்ற முயற்சி 2005இல் தொடங்கியபோதும், அவற்றின் பின்னே பெரிய கம்பெனியோ பெரிய பணமோ இருக்கவில்லை. கூலி கேட்காத உழைப்பே இருந்தது.

எழுத்தறிவு இயக்கம் நடத்தியபோது, ‘உழுகிறவனுக்கு எழுத்து எதற்கு?’ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கைநாட்டு வைத்தவன் தான் எந்தப் பத்திரத்துக்குக் கட்டுப்பட்டான் என்று அறியாமல் நிலத்தை இழந்ததைக் கண்ட பிறகே அக்கேள்வி ஓய்ந்தது. கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, வந்த விடையை அப்படியே ஏற்பவனும் ஒருவகையில் கைநாட்டு வைப்பவனே. அவனுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு இன்று படித்தவர்களைச் சார்ந்தது. பெரியகுளம் தாலூகாவிலுள்ள நம் நண்பர்கள் அடுத்த கிராம சபையிலேயே இவ்விஷயத்தை எழுப்பி, ஊர்த் தீர்மானங்கள் தேடக்கூடிய தமிழில் வெளிவர வேண்டுமென்று ஒரு தீர்மானம் நிறைவேற்றுவார்களென்று எதிர்பார்க்கிறோம்.